பொட்டு வைச்ச சொக் அப்சோபர்

பூநகரி
11.02.2024

தங்கச்சி கமலாட்சிக்கு அக்கா எழுதுறது.

வெள்ளிக்கிழமை கார் வந்த நேரம் முத்தத்திலை நிண்ட ஆக்கள்: என்ர மகன் பிரதீபன், மருமகள் சுமித்திரா, பேத்தி கஜனி, அவளின்ர மனிசன் தர்சன், தேங்காய் உடைக்க வந்த பக்கத்து வீட்டுச் சின்னராசா, செட்டிகுளத்துக் கராஜிலை எங்கட காரைத் திருத்தி ஓட்டிக்கொண்டு வந்த உன்ர மகன் ஜனகன், அவனுக்குப் பக்கத்துச் சீற்றிலை வந்த நீ, பிறகு நான். கஜனியின்ர வயித்துக்கை கிடக்கிறதையும் சேத்தால் ஒன்பது. ஒரு காரியம் நடந்தால் நிண்ட ஆக்களை எழுதி வைக்கிறது என்ர பழக்கம். பேந்து ஒருத்தரும் நான் அங்கை நிக்கேல்லை எண்டு சொல்லேலாது.

போனிலை கதைக்கலாம்தான். நான் கத்துறது பூநகரி முழுக்கக் கேக்கும், உனக்கு மட்டும் கேளாது. அதாலைதான் நாலாம் வகுப்புப் படிச்ச கையாலை எழுதுறன். உன்ர பிறசர் எப்பிடி? குளிசையைப் போடுறியோ, இல்லாட்டிச் சேத்து வைக்கிறியோ?

இனி என்ர கோவம். வெள்ளிக்கிழமை எண்டு ஏழு மரக்கறி காய்ச்சி, பாயாசமும் வைச்சு, வாழையிலையும் வெட்டி வைச்சிருக்க, தாயும் மகனும் ஒரு வாய் சாப்பிடாமல் பஸ் பிடிச்சுப் போனியள். தேங்காய் உடைச்ச சத்தம் அடங்க முதல் ஜனகன் படலைக்கு வெளியிலை. மிச்சத்தை நாய்க்குக் கொட்டேக்கை எனக்கு அரியண்டமாக் கிடந்தது. சொந்த வீட்டுச் சோத்திலை என்ன நஞ்சோ?

எதுக்கு இந்தக் காரை இவ்வளவு தூரம் அனுப்பினனான் எண்டு உனக்குத் தெரியும். முன் சில்லு இரண்டுக்கும் மேலை நிண்டு குலுக்கலைத் தாங்குற சொக் அப்சோபர் செத்து இரண்டு வரியம். போன வரியம் கஜனிக்கு ஐஞ்சாம் மாசத்திலை கலைஞ்சது அந்தக் குலுக்கலாலைதான் எண்டு நான் இண்டைக்கும் சொல்லுவன், மிட்வைப் அம்மா இல்லையெண்டு சொன்னாலும். இந்தமுறை பிள்ளை தங்கவேணும் எண்டுதான் பிரதீபன் கொழும்பிலையிருந்து புதுசா ஒரு சோடி எடுப்பிச்சவன். பெட்டியைத் திறந்து இரண்டுக்கும் விபூதி பூசிச் சந்தனப் பொட்டு வைச்சது நான். பரந்தனிலை சுடலைமுத்து எண்ட மலைநாட்டு ஆள் கராஜ் வைச்சிருக்கிறான், கிட்ட, அங்கை குடுப்பம் எண்டு பிரதீபன் நிண்டவன். முன்பின் தெரியாதவன் கை வைக்கிறதிலும் ரத்தச் சொந்தம் கை வைக்கிறது மேல் எண்டு நான்தான் மறிச்சனான்.

பழைய சாமான் எங்கை எண்டு உன்ர மகனிட்டைக் கேக்கப் பிரதீபன் வாய் எடுத்தவன். கராஜிலை மாத்தினால் கழட்டினதைக் கையிலை தாறதுதான் முறையாம். நான் ஒரு பார்வை பாத்தன், வாயை மூடினவன். தங்கச்சியின்ர பிள்ளையிட்டை "மாத்தினனியோ, காட்டு" எண்டு கேக்கிறது அவன்ர முகத்திலை துப்புறதுக்குச் சமன்.

கார் இப்ப எண்ணெய் விட்ட மாதிரி ஓடுது. பதில் போடு.

அக்கா அன்னபாக்கியம்

•

செட்டிகுளம்
03.03.2024

அக்காவுக்குத் தங்கச்சி கும்பிட்டு எழுதுறது.

உங்கட முழங்காலுக்கு அந்தத் தைலம் கேட்டதோ? கஜனிக்கு மசக்கைச் சத்தி நிண்டிட்டுதோ? எனக்குப் பிறசர் கூடிக் குறைஞ்சு கிடக்கு.

அண்டைக்கு எனக்கு வயிறு ஒரு மாதிரி, அதாலைதான் சாப்பிடேல்லை. ஜனகனுக்குக் கராஜிலை வேலை காத்துக் கிடந்தது. கடிதம் பிந்தினதுக்கும் கோவிக்காதேங்கோ. இரண்டு தரம் எழுதிக் கிழிச்சுப் போட்டன்.

ஒரு விசயம் அக்கா. இந்தக் கிழமை இல்லாட்டி வாற கிழமை பிரதீபனைக் காரை இஞ்சை ஒருக்காக் கொண்டுவரச் சொல்லுங்கோ. புதுசு போட்டால் கொஞ்ச நாளிலை திரும்ப நட்டு இறுக்கவேணுமாம். அரைநாள் வேலை. அதுமட்டும் தூர ஓட வேண்டாம். கஜனியை அதிலை ஏத்தாமல் விட்டால் நல்லது.

உங்கட தங்கச்சி
கமலாட்சி

•

பூநகரி
16.03.2024

தங்கச்சிக்கு,

தைலத்தாலை முழங்கால் மணக்குது, நோ அப்பிடியே கிடக்கு. கஜனி இப்ப சாப்பிடுறாள். மாங்காய் கேக்கிறாள்.

நட்டு இறுக்கச் செட்டிகுளமோ? விடியப் போனால் பொழுதுபட வாற தூரம். ஒருக்காச் செய்த வேலையைத் திரும்பச் செய்யிறவன் என்ன வேலைகாரன்? உன்ர மகன் அப்பிடியான ஆள் இல்லை எண்டு இஞ்சை நான் நெஞ்சிலை அடிச்சுச் சொல்லிக்கொண்டு திரியிறன், பெத்த நீ அவனை இறக்குறாய். என்னைப் பாக்கவேணும் எண்டு ஆசையெண்டால் வா எண்டு நேரை எழுது. நட்டைச் சாட்டாதை.

செவ்வாய்க்கிழமை பரந்தனிலை சில்லுக்குக் காத்து அடிக்க நிண்டம். அந்தச் சுடலைமுத்து கூப்பிடாமலே வந்தான். காரின்ர முன்பக்கத்தை இரண்டு கையாலையும் அமத்தி விட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிண்டான். "அண்ணே, அமுக்கிவிட்டா புதுசு ஒரு தரம் எழும்பி நின்னுரும். இது ரெண்டு மூணு தரம் ஆடுதே" எண்டு பிரதீபனுக்குச் சொல்லுறான். நான் உள்ளுக்கை இருக்கிறன். கண்ணாடியை இறக்கி, உன்ர கண்ணுக்கு அடுத்தவன் செய்த வேலையெல்லாம் பழசாத்தான் தெரியும் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்ப ஏத்தினன். அவன் சிரிச்சுப்போட்டுப் போனான். அந்தச் சிரிப்பு வீடு வந்துசேருமட்டும் எனக்கு அரியண்டம்.

உன்ர மகனுக்காக நான் கேட்ட பேச்சு அது. அவனிட்டைச் சொல்லு.

அக்கா

•

செட்டிகுளம்
28.04.2024

அக்காவுக்கு,

சித்திரை வருசம் எப்பிடிப் போச்சுது? இஞ்சை பொங்கினதோடை சரி. எனக்கு இப்ப நித்திரை குறைவு. டொக்டர் குளிசையை மாத்தித் தந்தவர்.

கஜனியைப் பற்றித்தான் யோசிச்சுக்கொண்டு இருக்கிறன். பூநகரியிலையிருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரி தூரம். இஞ்சையெண்டால் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் பஸ் கிடக்கு, றெயின் கிடக்கு. ஆறாம் மாசத்தோடை அவளை இஞ்சை என்னட்டை விடுங்கோ. நான் கண்ணுக்குள்ளை வைச்சுப் பாப்பன். பஸ்சிலை கூட்டிக்கொண்டு வாங்கோ. காரிலை வேண்டாம். பஸ்தான் வயித்துக்காரிக்குச் சுகம்.

ஜனகன் உங்களைச் சுகம் கேட்டவன்.

கமலாட்சி

•

பூநகரி
06.05.2024

கமலாட்சிக்கு,

கார் வாசலிலை நிக்க வயித்துக்காரியைப் பஸ்சிலை கொண்டுவரட்டாம். உன்ர காதுதான் போனது எண்டு நினைச்சன்.

கஜனி பிறந்து வளந்த வீடு இது. பிள்ளைப்பேறு தாய் வீட்டிலைதான் எங்களுக்கு முறை. அவளை ஏன் உன்னட்டை விடவேணும்? நாளைக்குப் பிள்ளையைக் காப்பாத்தினது நான் எண்டு கலியாண வீடு வழிய சொல்லித் திரியவோ?

செட்டிகுளம் எண்டு எழுதவே எனக்குப் பழசெல்லாம் வருது. 2009இலை சண்டை முடிய அங்கத்தை மெனிக் பாம் முகாமிலை ஒரே கூடாரத்துக்கை கிடந்தம். கஜனிக்கு ஒன்பது வயசு, காய்ச்சல். ஜனகனுக்குப் பதினைஞ்சு. சேலைப் பொட்டணிக்கை நீ ஒரு பால்மாப் பெட்டி ஒளிச்சு வைச்சிருந்தனி. நான் தண்ணி லைனிலை நிண்டு வர முதல் அவனுக்குக் கரைச்சுக் குடுத்து முடிச்சிடுவாய். கோப்பையிலை மணம் மிச்சம் இருக்கும். நான் ஒரு நாளும் கேக்கேல்லை. கேக்காதபடியால் மறந்திட்டன் எண்டு நினையாதை. இப்ப என்ர பேத்தியைக் கண்ணுக்குள்ளை வைச்சுப் பாக்கப் போறியாம்.

கார் கொஞ்சம் தட்டுது. புதுசு பழகுமட்டும் தட்டும் எண்டு நான் பிரதீபனுக்குச் சொன்னன். பிறசருக்கு உப்பைக் குறை.

அக்கா

•

செட்டிகுளம்
17.06.2024

அக்காவுக்கு,

சுகமா இருக்கிறியளோ? பால்மாவைப் பற்றி எழுதினதை வாசிச்சன்.

23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஜனகன் அங்கை வாறான். காரை ஒருக்காப் பாத்துச் சரிசெய்து தருவான். சாமானும் கொண்டு வருவான். ஒண்டும் சமைக்காதேங்கோ. அவன் செய்யிறதைச் செய்துபோட்டுப் போகட்டும், பிரதீபன் ஏன் எதுக்கு எண்டு கேக்க வேண்டாம்.

கமலாட்சி

•

பூநகரி
01.07.2024

கமலாட்சிக்கு,

ஞாயிற்றுக்கிழமை விடியத் தொடங்கிப் பொழுதுபடுமட்டும் படலையைப் பாத்துக்கொண்டு இருந்தன். பிரதீபன் காருக்கு வந்த வாடகை ஓட்டத்தையும் விட்டிட்டு நிண்டவன். உன்ர மகன் வரேல்லை. போன் அடிச்சால் எடுக்கிறான் இல்லை. நீ சமைக்க வேண்டாம் எண்டு எழுதினாலும் நான் சாவல் அடிச்சுக் காய்ச்சினனான். அதைத் தொட்டுச் சாப்பிட எனக்கு மனம் வரேல்லை.

கேள். ஸ்கான் பாத்ததிலை கஜனிக்கு நச்சுக்கொடி கீழை, பிள்ளை வாற வழியை மறிச்சுக் கிடக்காம். ரத்தம் போகத் தொடங்கினால் ஒரு நிமிசமும் மினக்கெடக்கூடாதாம், ஒப்பரேசன்தானாம். ஜூலை 15, திங்கள் காலமை வாட்டுக்கு வரச் சொல்லியிருக்கு. அதுமட்டும் ஆடாமல் அசையாமல் கிட எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். அவள் குட்டிச் சட்டை தைக்கிறாள், போனமுறை தைச்சதை எடுக்கமாட்டாளாம். திங்கள் நான்தான் முன் சீற்றிலை இருந்து கொண்டுபோவன்.

பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடை.

அக்கா

•

செட்டிகுளம்
10.07.2024

அக்காவுக்கு,

உங்கட கடிதம் இண்டைக்குத்தான் கிடைச்சது. தேங்காய் உடைச்சிட்டன்.

அக்கா, நான் காலைப் பிடிச்சுக் கேக்கிறன் எண்டு நினையுங்கோ. கஜனியை அம்புலன்சிலை அனுப்புங்கோ. 1990 அடிச்சால் வரும், காசில்லை. படுத்துக்கொண்டு போகலாம். கார் வேண்டாம். வயசுபோன கார். நான் சொல்லுறதை இந்த ஒருக்கா மட்டும் கேளுங்கோ.

கமலாட்சி

•

பூநகரி
29.07.2024

கமலாட்சிக்கு,

நீ பத்தாம் தேதி போட்ட கடிதம் பதினேழாம் தேதி வந்தது. நான் ஆஸ்பத்திரியாலை வந்துதான் பிரிச்சனான்.

பிள்ளை இருக்கு. பொம்பிளைப் பிள்ளை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, பத்து நாள் கண்ணாடிப் பெட்டிக்கை கிடந்தது. கஜனியும் இருக்கிறாள். கர்ப்பப்பையை எடுத்திட்டினம். இருபத்துநாலு வயசு.

நடந்ததை எழுதுறன். பதினாலாம் தேதி ஞாயிறு மத்தியானம், குசினி வாசலிலை நிண்ட கஜனிக்கு ரத்தம் போகத் தொடங்கினது. தர்சன் அம்புலன்சுக்கு அடிக்கப் போனை எடுத்தவன். புதுச் சொக் போட்ட கார் வாசலிலை நிக்க அம்புலன்சைப் பாத்துக்கொண்டு இருக்கப்போறியோ எண்டு கேட்டது நான். பின் சீற்றிலை சுமித்திராவின்ர மடியிலை படுக்க வைச்சம்.

பூநகரிக்கும் பரந்தனுக்கும் நடுவிலை, ஒரு வீடு வாசல் இல்லாத வெட்டையிலை, ஒரு பள்ளம். பெரிசெண்டும் இல்லை. கார் இடப்பக்கமாச் சரிஞ்சு இருந்திட்டுது. சொக் அப்சோபரிலை ஸ்பிரிங் இருக்கிற தட்டு உடைஞ்சு விழுந்து, ஸ்பிரிங் ரயரைக் கிழிச்சுக்கொண்டு நிண்டது. பேந்து அம்புலன்சுக்கு அடிச்சம். அது வர முதல் ஒரு மீன் கூலர் வான் வந்தது. என்ர பேத்தியை இறால் பெட்டியளுக்கு நடுவிலை கிடத்தினம். ஐஸ் கரைஞ்ச தண்ணியும் மீன் வெடிலும் அவளின்ர ரத்தமும் ஒண்டாக் கலந்து என்ர காலுக்குக் கீழை ஓடினது. இப்ப சோத்துக்கை கை வைச்சால் அந்த வெடில்தான் வருது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் கர்ப்பப்பையை விட்டிருப்பம் எண்டு டொக்டர் சொன்னவர்.

காரை இழுத்துக்கொண்டு போனது சுடலைமுத்து. சொக் அப்சோபரைக் கழட்டி, எங்களை நிக்க வைச்சுத்தான் ஸ்குறூ டிரைவராலை சுரண்டினவன். கறுப்புப் பெயின்ற், கீழை துரு. உள்ளுக்கைத் தடிச்ச எண்ணெய் விட்டு அடைச்சிருக்காம், கொஞ்ச நாள் ஆடாமல் நிக்க. இடப்பக்கத் தட்டிலை ஒரு வெல்டிங் தழும்பு. அது ஐஞ்சு வரியத்துக்கு முன்னம் பிரதீபன் தன்ர கையாலை ஒட்டினது. தன்ர ஒட்டை அவன் விரலாலை தடவிப் பாத்தவன்.

எங்கட பழசைத்தான் உன்ர மகன் கழுவிப் பூசித் திரும்பப் போட்டிருக்கிறான். நான் பொட்டு வைச்ச சோடி எங்கை எண்டு எனக்குத் தெரியாது.

சுடலைமுத்து, நான் அண்டைக்கே சொன்னேனே எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டது எனக்கு இன்னும் குத்துது.

நான் உன்னட்டைக் கேக்கிறது ஒண்டுதான். உனக்குத் தெரியுமோ? ஒரு வரி போதும்.

குளிசையை ஒழுங்காப் போடு.

அன்னபாக்கியம்

•

செட்டிகுளம்
12.08.2024

அக்காவுக்கு,

ஓம். தெரியும்.

கராஜுக்குப் பின்னாலைதானே எங்கட வீடு. பழசைச் சாக்கிலை வைச்சு அவன் பெயின்ற் அடிக்கேக்கை கண்டனான். என்னெண்டு கேட்டன். இஞ்சை பெரிய ஆள் ஒருத்தர், அவரின்ர மகளின்ர கலியாணத்துக்கு ஓடுற கார், அதுக்கும் அதே சாமான்தான் பழுது. விடிஞ்சால் கலியாணம். எங்கட சோடியை அதுக்குப் போட்டிட்டான். ஒரு கிழமையிலை வேறை சோடி வந்திடும், பிரதீபன் அண்ணைக்குத் தெரியாமல் மாத்திடுவன், வாயைத் திறவாதை அம்மா எண்டவன். நான் நம்பினன். அதாலைதான் காரைக் கொண்டுவாங்கோ எண்டு எழுதினது. உங்கட வீட்டுக்கு அதிலை வரேக்கை எனக்குக் காது கேளாட்டிலும் இடுப்புக்குத் தெரிஞ்சது, ஒவ்வொரு பள்ளமும். உங்கட இலைக்கு முன்னாலை இருக்க எனக்குத் துணிவு வரேல்லை.

ஜூன் மாசம்தான் வேறை சோடி கிடைச்சது. 23ஆம் தேதி அதைத் தூக்கிக்கொண்டு பரந்தன் மட்டும் வந்தவன். பிரதீபனுக்கு முன்னாலை என்னெண்டு சொல்லிக் கழட்டுறது எண்டு தெரியாமல் பஸ் ஸ்ராண்டிலை இருந்திட்டுத் திரும்பி வந்தவன். அண்டையிலையிருந்து அது என்ர கட்டிலுக்குக் கீழை கிடக்கு.

அக்கா, நானும் ஒண்டு எழுதவேணும். பழசைக் காட்டு எண்டு பிரதீபன் கேக்க வெளிக்கிட்டவன். வாயை அடைச்சது நீங்கள். அண்டைக்கு அவன் கேட்டிருந்தால் ஜனகன் அந்த இடத்திலையே சொல்லியிருப்பான், அவனுக்குப் பொய் சொல்லி நிக்கத் தெரியாது.

நீங்கள் ஒண்டையும் மறக்கிற ஆள் இல்லை. பால்மாவைப் பதினைஞ்சு வரியம் கழிச்சு எழுதின ஆள். இதை எழுதினால் சாகுமட்டும் எனக்கு அக்கா இல்லை எண்டு தெரியும். எனக்கு இருக்கிறது நீங்களும் அவனும்தான். அந்தப் பயத்திலைதான் எழுதாமல் விட்டனான்.

பிள்ளைக்கு என்ன பேர்?

கமலாட்சி

•

பூநகரி
31.08.2024

கமலாட்சிக்கு,

பிள்ளைக்கு யதுர்ஷிகா எண்டு பேர். முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிச்சம். உனக்குச் சொல்லேல்லை. அது மறதியில்லை.

கஜனி எழும்பி நடக்கிறாள். பிள்ளைக்குப் பால் குடுக்கேக்கை மட்டும் கதைக்கிறாள், பிள்ளையோடை.

போன செவ்வாய் உன்ர மகன் வந்தவன். உன்னட்டைச் சொல்லிப்போட்டு வந்தவனோ தெரியாது. அந்தச் சோடியை உரப் பையுக்கை சுத்தித் தூக்கிக்கொண்டு நேரை சுடலைமுத்துவின்ர கராஜுக்கு வந்தான். கார் இன்னும் அங்கைதான் கிடக்கு, பிரதீபனும் நானும் அதைப் பாக்கப் போய் நிண்டம். அவனைக் கண்ட உடனை பிரதீபன் பெரிய ஸ்பனர் ஒண்டைக் கையிலை எடுத்திட்டான். சுடலைமுத்துதான் நடுவிலை நிண்டவன். ஜனகன் ஓடேல்லை.

"அண்ணை, புதுசைக் களவாய் வேறை காருக்குப் போட்டது நான். அம்மாவையும் வாய் மூட வைச்சது நான். அடியுங்கோ."

வேலையாக்கள் எல்லாரும் கேக்கத்தான் சொன்னவன். பிரதீபன் ஸ்பனரை அவன்ர காலடியிலை எறிஞ்சுபோட்டு, நீயே பூட்டு எண்டான். மத்தியானம் மட்டும் அந்த எண்ணெய்ச் சேத்துக்கை கிடந்து இரண்டு பக்கமும் பூட்டினவன். சுடலைமுத்து ஒவ்வொரு நட்டையும் தன்ர கையாலை திரும்ப இறுக்கிப் பாத்தவன். பேந்து வீட்டை வந்தான். கஜனி அவனைக் கண்டிட்டு அறைக் கதவைச் சாத்தினவள். அரை மணித்தியாலம் முத்தத்து வெயிலிலை நிண்டிட்டுப் போனவன். உள்ளுக்கை வா எண்டு நான் அவனைக் கூப்பிடேல்லை. எண்டாலும் வாயைத் திறந்து சொல்லிப்போட்டான். மன்னிக்கிறதும் விடுறதும் கஜனியின்ர விருப்பம். நான் அதிலை கை வைக்க மாட்டன்.

பிரதீபனின்ர வாயை அடைச்சது நான். ஓம். அம்புலன்சை வேண்டாம் எண்டதும் நான். அதை நீ எழுதேல்லை, நான் எழுதுறன். சுடலைமுத்துவுக்கு முகத்திலை அடிச்ச மாதிரிச் சொன்னதும் நான். போய்ச் சொன்னன் அவனுக்கு, பிழை எண்டு. "விடுங்கம்மா, புள்ள நல்லா இருக்குதா" எண்டுதான் கேட்டவன்.

உன்ர கடிதம் ஐஞ்சையும் அடுக்கி வைச்சு வாசிச்சன். காரைத் திருப்பி அனுப்பு. கஜனியைப் பஸ்சிலை அனுப்பு. ஜனகன் வருவான், ஒண்டும் கேக்காதை. அம்புலன்சிலை போ. ஐஞ்சு மாசமாச் சுத்திச் சுத்தி எழுதின கைக்கு, அக்கா அது பழசு எண்டு எழுத ஏலாமல் போச்சு. எழுதியிருந்தால் நான் உன்னை மண்ணை அள்ளித் தூத்தித் திட்டியிருப்பன். ஒரு வரியம் முகம் பாக்காமல் இருந்திருப்பன். உன்ர மகனைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லியிருப்பன். எல்லாம் செய்திருப்பன். கஜனியை மட்டும் அந்தக் காரிலை ஏத்தியிருக்க மாட்டன்.

எனக்குப் பயந்து எழுதேல்லை எண்டு எழுதியிருக்கிறாய். கஜனி அதிலை ஏறுவாள் எண்டு தெரியும், வயித்திலை என்ன கிடக்குது எண்டு தெரியும், நச்சுக்கொடி கீழை கிடக்குது எண்டும் நான் எழுதித்தான் உனக்குத் தெரியும். இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு உனக்கு அக்கா வேணும் எண்டு நீ என்ர பிள்ளையைப் பணயம் வைச்சனி.

குளிசை முடிஞ்சால் கிளினிக்குக்குப் போ. தனியப் போகாதை, காது கேளாத ஆள் றோட்டுக் கடக்கக் கூடாது. இதுக்குப் பதில் போட வேண்டாம்.

பெயின்ற் அடிச்சவன் தன்ர கதையைச் சொல்லிப்போட்டான். நான் என்ர பிழையை எழுதிப்போட்டன். செத்துக் கட்டையிலை போகுமட்டும் நான் மன்னிக்காத ஆள் ஒண்டுதான் இருக்கு. எங்கட அம்மா பெத்த கடைசிப் பிள்ளை, நான் இடுப்பிலை தூக்கித் திரிஞ்சு வளத்தவள், கமலாட்சி.